பன்னிரண்டு வயதில் மூடிய கதவு!

நாடகம் முடிந்து திரை விழுந்த பிறகு, அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொண்டிருக்கும் வேளையில், ஒப்பனை அறைக்கு வருகின்றவர்கள் பலவகையினர். பாராட்டிப் பேச வருவோர் உண்டு. அடுத்த மாதம் எங்கள் ஊருக்கும் வரவேண்டும் என்று தேதி கேட்டு வருவோர் உண்டு. மூன்றாம் காட்சியில் நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருந்தாரே என்று குறைசொல்ல வருவோரும் உண்டு. காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில், ஓர் இரவு, இவர்களில் எவரும் இல்லாத ஒருவர் வந்தார். நாற்பத்தைந்தைக் கடந்த அம்மையார். முன்நெற்றியில் நரை. அருகே கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள்.

"தம்பி, உங்கள் நாடகத்திலே நீதிபதி மேசையைத் தட்டுகிறார், நீதி கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்த மேசை இருக்கும் அறைக்குள் நுழையவே அனுமதி கிடைக்கவில்லை" என்றார்.

துடைத்துக் கொண்டிருந்த கை நின்றது. அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். 1987ஆம் ஆண்டு. அவருக்கு வயது ஒன்பது. மாலை நேரத் தனிப்பாடத்துக்குச் செல்கிறார். அங்கே, அறிவூட்ட வேண்டிய கரம், தொடக்கூடாத இடத்தைத் தொடுகிறது. ஒருநாள் அல்ல, ஒரு கோடைகாலம் முழுவதும். பாடப் புத்தகத்தைச் சுமந்து சென்ற குழந்தை, பயத்தையும் சேர்த்துச் சுமந்து வீடு திரும்புகிறது. தாயிடம் சொன்னாள். தாய் செய்த முதல் காரியம், மகளின் வாயைப் பொத்தியது! "அப்பாவிடம் சொல்லாதே, கொலை விழும்" என்பதுதான் அந்த வீட்டில் வழங்கப்பட்ட தீர்ப்பு.

அந்தக் குழந்தை வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள். தன் ஊதியத்தில் தனக்கென ஒரு மிதிவண்டி வாங்கிய ஆண்டில், துணிவும் வாங்கிக் கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் சென்றாள். ஆண்டு 2002, வயது இருபத்து நான்கு. வழக்கறிஞர் நல்லவர், பரிவோடு கேட்டார். கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ணினார். "மூன்றாண்டுகள்தானம்மா காலவரம்பு. 1990லேயே முடிந்துவிட்டதே!" என்றார்.

"1990இல் எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பி. பன்னிரண்டு வயதுப் பெண் எந்த வழக்கறிஞரைத் தேடிப் போவாள்?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு அன்றிரவு என்னிடம் விடை இல்லை. கல்லூரியை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டு மேடையேறியவன் நான். சட்டம் என் பாடமல்ல. ஆகவே வழக்கறிஞராக இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில், மூன்று மாலை நேரங்கள் மாணவனாக அமர்ந்தேன். அறிந்தவற்றை இங்கே வைக்கிறேன். பிழையிருப்பின் பழி எனக்கு. புரிந்தால் புகழ் அந்தத் திண்ணைக்கு.

வெள்ளையர் காலத்து 1898ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில், குற்ற வழக்குகளுக்குப் பொதுவான காலவரம்பு என்ற ஒன்றே கிடையாது. சுதந்திர இந்தியா இயற்றிய 1973ஆம் ஆண்டுச் சட்டம்தான், 1974 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, அதை நுழைத்தது. 468ஆம் பிரிவு என்று பெயர். கணக்கு எளிது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமா? ஆறு மாதம். ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்கதா? ஓராண்டு. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை சிறையா? மூன்றாண்டு. அதற்குமேல் தண்டனையுள்ள பெருங்குற்றங்களுக்கு வரம்பே இல்லை. கொலைக்கு நாற்பது ஆண்டு கழித்தும் வழக்குத் தொடுக்கலாம்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். வாய்ச் சண்டைக்கும் வரப்புச் சண்டைக்கும் பதினைந்து ஆண்டு கழித்து ஒருவனை இழுத்து வந்து கூண்டில் ஏற்றுவது முறையாகாது. அதை நானும் ஒப்புகிறேன். ஆனால் சிறு குற்றம் எது, பெருங்குற்றம் எது என்பதை யார் பிரித்தார்கள், எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள்!

குழந்தையைத் தொட்டுச் சீரழித்த குற்றத்துக்கு அந்நாளில் இருந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்தல் என்பது அதன் தலைப்பு. மிக அதிகமான தண்டனை எவ்வளவு? இரண்டாண்டு. அதே சட்டத்தின் 379ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடத்தைத் தூக்கிக் கொண்டு போனால், மூன்றாண்டு வரை! குடத்தின் மீது கை வைத்தவனுக்கு மூன்று, குழந்தையின் மீது கை வைத்தவனுக்கு இரண்டு. 1860இல் எழுதப்பட்ட இந்த விலைப்பட்டியல், 2013 பிப்ரவரி வரையில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரு புள்ளி மாறாமல் இருந்தது. தண்டனை இரண்டாண்டு என்பதால் குற்றம் சிறியது. குற்றம் சிறியது என்பதால் காலவரம்பு மூன்றாண்டு. இப்படித்தான் அந்த அம்மையாரின் கதவு மூடப்பட்டது. ஒருவரும் அதை ஓங்கி அடைக்கவில்லை. அது தானாகவே சாத்திக் கொண்டது. அவர் வீட்டுப் பாடம் எழுதிக் கொண்டிருந்த ஏதோ ஒரு பிற்பகலில்!

மகனைப் பெற்றோரே, உங்கள் நிலை இன்னும் மோசம். 354 பெண்ணுக்கு மட்டுமே பொருந்தும். பாலுறவு முழுமையாக நடந்தால் 377 என்ற பிரிவு இருந்தது. அதற்குக் குறைந்த எதுவாயினும், ஆண் குழந்தைக்குக் கிடைத்தது அடிதடிப் பிரிவுகள்தாம். காயம் விளைவித்தலுக்கு ஓராண்டு, கைகலப்புக்கு மூன்று மாதம். காலவரம்போ ஓராண்டு. எட்டு வயதுச் சிறுவன் ஒன்பதாவது பிறந்த நாளைக் காண்பதற்குள் காவல் நிலையத்துக்கு ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது சட்டம்.

வழக்கறிஞர் நண்பர் இன்னொரு சட்டத்தையும் எடுத்துக் காட்டினார். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். சொத்து, கடன், ஒப்பந்தம் போன்ற உரிமை வழக்குகளுக்கு உரியது. அதன் ஆறாம் பிரிவைப் படித்தபோதுதான் எனக்கு உடல் சிலிர்த்தது. வழக்குத் தொடுக்க உரிமையுள்ளவர் மைனராக இருந்தால், அவர் வயது வந்தவராகும் வரை கடிகாரம் ஓடாமல் காத்திருக்குமாம்! தந்தையே நீதிமன்றத்தின் அனுமதியின்றி மகளின் பெயரில் உள்ள அரைக் காணி நிலத்தை விற்றுவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். மகள் பதினெட்டு வயதடைந்து, அதன்பின் மூன்றாண்டுகளுக்குள், அந்த விற்பனையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வழக்கிடலாம். ஏன்? குழந்தைக்குத் தன் உரிமை தெரியாது, தெரிந்தாலும் பேச இயலாது, பேசினாலும் பெரியவர்களை எதிர்த்து நிற்க முடியாது. ஆகவே சட்டம் காத்திருக்கிறது.

எவ்வளவு நுட்பமான கருணை! யாருக்காக? நிலத்துக்காக! வரப்புக்கும் வாய்க்காலுக்கும் காட்டிய இந்தக் கருணையை, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரியான குழந்தையின் உடலுக்குக் காட்டச் சட்டத்துக்கு மனம் வரவில்லை. குற்ற வழக்குகளுக்கான காலவரம்பு அத்தியாயத்தைத் தலையிலிருந்து கால் வரை படியுங்கள். குற்றவாளி வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்கள் கழிக்கப்படும் என்று இருக்கிறது. குற்றவாளி யார் என்று தெரியாதிருந்தால், தெரிந்த நாள் முதல் கணக்கு என்று இருக்கிறது. பாதிக்கப்பட்டது குழந்தையாக இருந்தால்? அந்த இடத்தில் சட்டம் ஊமை.

2012இல் போக்சோ சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்றே நடைமுறைக்கும் வந்தது. நல்ல சட்டம், நான் குறைசொல்ல வரவில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் அது காக்கிறது. தொட்டுச் சீண்டினாலே மூன்று முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஐந்தாண்டு என்பதால், 468இன் கத்தி அதை அறுக்காது. 2018இல், அப்போது பெண்கள் மற்றும் குழந்தைகள் நலத்துறை அமைச்சராக இருந்த மேனகா காந்தி, வளர்ந்து பெரியவரான பின் ஒருவர் புகார் கொடுக்கலாமா என்று சட்ட அமைச்சகத்தைக் கேட்டார். போக்சோவில் புகாருக்குக் காலவரம்பு எதுவும் சொல்லப்படவில்லை என்ற விடை வந்தது. ஏடுகள் பாராட்டி எழுதின. "இனி எந்த வயதிலும் புகார் கொடுக்கலாம்!" என்று தலைப்பிட்டு மகிழ்ந்தன.

பாராட்டு முடிந்துவிட்டதா? இப்போது கொஞ்சம் அருகில் வாருங்கள்.

முதலாவது, 2012 நவம்பருக்கு முன் நடந்தவற்றுக்குப் போக்சோ பொருந்தாது. செயல் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதைக் கொண்டுதான் ஒருவரைத் தண்டிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அது நம் அனைவருக்கும் அரண். அதை இடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவு என்ன? 2012 நவம்பருக்கு முன்பே பதினெட்டு வயதைக் கடந்துவிட்ட ஒவ்வொருவரின் குழந்தைப் பருவமும் அந்தப் பழைய விலைப்பட்டியலின் கீழ்தான் கிடக்கிறது.

இரண்டாவது, போக்சோவுக்குள்ளேயே பொத்தல்கள் உண்டு. தொடாமல் செய்யும் துன்பங்கள் இருக்கின்றனவே! ஆபாசம் பேசுதல், படம் காட்டுதல், பின்தொடர்தல், மிரட்டுதல் எல்லாம் பாலியல் தொல்லை என்ற தலைப்பில் வருகின்றன. தண்டனை மூன்றாண்டு வரை. மூன்றாண்டைத் தாண்டவில்லை அல்லவா? ஆகவே காலவரம்பு மூன்றாண்டு! பத்து வயதில் நடந்தால் பதின்மூன்றில் முடிந்தது. குழந்தைகள் இல்லங்களில் பிரம்படி கொடுப்போரை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த அடிக்கென்று சிறார் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு முதல்முறைக்கு விதிப்பது பத்தாயிரம் ரூபாய் அபராதம் மட்டுமே. அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம். அநாதைப் பிள்ளை ஆறு மாதத்துக்குள் இல்லத்தின் சுவரைத் தாண்டி வந்து முறையிட வேண்டுமாம்!

மூன்றாவதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால், 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தம் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. மறைப்பது கடுங்குற்றம் என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கண்டித்துரைத்தது. பழங்குடிப் பெண் குழந்தைகள் தங்கிய விடுதியொன்றில் நடந்த கொடுமையை அறிந்தும் சொல்லாதிருந்தார் என்று குற்றம் சாட்டப்பட்ட மருத்துவரைப் பற்றிய வழக்கு அது. நல்ல தீர்ப்பு. ஆனால் கணக்கைப் போடுங்கள். தண்டனை ஓராண்டுக்கு மேற்படவில்லை. ஆகவே காலவரம்பு ஓராண்டு! பள்ளியின் பெயர் கெடக்கூடாது என்று ஒரு தாளாளர் பன்னிரண்டு மாதங்கள் வாய் திறவாமல் இருந்துவிட்டால் போதும். பதின்மூன்றாம் மாதம் அவர் மாலை சூடி ஆண்டு விழாவில் அமரலாம். மறைப்பு என்பது நாள்தோறும் தொடரும் குற்றம், ஆகவே கடிகாரம் நாள்தோறும் புதிதாகத் தொடங்கும் என்று திறமையான வழக்கறிஞர் வாதிடக்கூடும். வாதிடட்டும். குழந்தையின் பாதுகாப்பை ஒரு வழக்கறிஞரின் திறமையில் ஏன் தொங்கவிட வேண்டும்?

காலம் கடந்தாலும், தாமதத்துக்குத் தக்க விளக்கம் இருந்தால், அல்லது நீதியின் நலனுக்குத் தேவையென்று கருதினால், நீதிமன்றம் வழக்கை ஏற்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் 473. புதிய சட்டத்தில் 519. மறைக்காமல் சொல்கிறேன், அது இருப்பது நல்லது. ஆனால் "ஏற்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலத்துக்குரிய மைனர் உரிமையோடு நடந்து வருகிறார். உடலில் காயம்பட்ட மைனரோ கைகூப்பி நிற்கிறார்.

2024 ஜூலை முதல் நாள் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டம் நீக்கப்பட்டு, வாயில் எளிதில் நுழையாத வடமொழிப் பெயரோடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. காலனிய மனப்பான்மையை ஒழிக்கிறோம் என்று முழக்கமிட்டார்கள். காலவரம்பு அத்தியாயத்தை ஆர்வத்தோடு புரட்டினேன். 468 என்ற எண் 514 ஆகியிருந்தது. ஆறு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு எல்லாம் அப்படியே இருந்தன. புகார் கொடுத்த நாளைக் கொண்டே காலவரம்பைக் கணக்கிட வேண்டும், நீதிபதி கோப்பைக் கையில் எடுத்த நாளைக் கொண்டு அல்ல என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னதை ஒரு விளக்கமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆக, அந்த அத்தியாயத்தில் பேனா படவே இல்லை என்று சொல்வதற்கில்லை. பேனா பட்டது, அந்தப் பக்கத்தில் மையும் விழுந்தது. குழந்தைக்கென ஒரு வரி மட்டும் விழவில்லை.

இந்த நாட்டு நிலை இவ்வளவுதான் என்று நொந்துகொள்ள வேண்டாம். செல்வமும் வல்லமையும் செறிந்த நாட்டில் இதைவிட விந்தையான நாடகம் நடந்தது. நான் எழுதியிருந்தால், நம்பத்தக்கதாக இல்லை என்று நீங்களே எழுந்து போயிருப்பீர்கள்!

டென்னிஸ் ஹாஸ்டர்ட் என்பவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் தலைவராக 1999 முதல் 2007 வரை வீற்றிருந்தவர். குடியரசுத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஏதேனும் நேர்ந்தால், நாட்டின் ஆட்சியே அவர் கைக்கு வரும், அத்தகைய இருக்கை. அரசியலுக்கு வருமுன், 1965 முதல் 1981 வரை, இல்லினாய் மாநிலத்தின் யார்க்வில் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர், மற்போர்ப் பயிற்சியாளர். அந்நாளில் தம்மிடம் பயின்ற சிறுவர்களை அவர் பாழ்படுத்தினார். குறைந்தது நால்வர் என்றனர் அரசு வழக்கறிஞர்கள்.

எப்படி வெளிப்பட்டது தெரியுமா? சிறுவர்களின் கண்ணீரால் அல்ல, வங்கிக் கணக்கால்! முன்னாள் மாணவர் ஒருவருக்கு முப்பத்தைந்து லட்சம் டாலர் தருவதாக 2010இல் ஒப்புக் கொண்டு, நான்காண்டுகளில் ஏறத்தாழ பதினேழு லட்சம் தந்துவிட்டார். வங்கியிலிருந்து பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கமாக எடுத்தால் அரசுக்கு அறிக்கை போகும். அதைத் தவிர்க்கப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக, சிறுகச் சிறுக எடுத்தார். அங்கே அது குற்றம்.

2016 ஏப்ரல் 27. எழுபத்து நான்கு வயது ஹாஸ்டர்ட் சக்கர நாற்காலியில் நீதிமன்றத்துக்கு வருகிறார். சிறுவர்களிடம் தவறாக நடந்ததை அவரே ஒப்புக் கொள்கிறார். சிறுவர்களைத் தொடர்ந்து சீரழித்தவர் இவர் என்று நீதிபதி தாமஸ் டர்கின் அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். தண்டனை? பதினைந்து மாதம். எந்தக் குற்றத்துக்கு? பணத்தைச் சிறுகச் சிறுக எடுத்த குற்றத்துக்கு! சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைக்குக் காலவரம்பு முடிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. நீதிபதி அறிவார், குற்றவாளி ஒப்புகிறார், பாதிக்கப்பட்டவர் எதிரே நிற்கிறார். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் டாலர் நோட்டு தெரிகிறது, சிறுவன் தெரியவில்லை.

இல்லினாய் மாநிலம் வெட்கப்பட்டது. குழந்தைகளுக்கெதிரான கடும் பாலியல் குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லையென்று மறு ஆண்டே, 2017இல், சட்டம் செய்தது. ஆனால் ஏற்கெனவே மூடிய கதவுகளை அது திறக்கவில்லை, திறக்கவும் முடியாது. கலிபோர்னியா மாநிலம் முடிந்துபோன வழக்குகளுக்கு உயிரூட்டச் செய்த முயற்சியை, 2003இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அடித்துவிட்டிருந்தது. தாமதமாகத் திருத்துகிற ஒவ்வொரு நாளும், அன்றைக்கு மூடுகின்ற கதவுகள் என்றென்றைக்கும் மூடியவைதாம். நம் ஆட்சியாளர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் கடுங்குற்றங்களுக்குக் காலவரம்பு என்ற வழக்கமே இல்லை. அதனால்தான், பாட்டாலும் ஓவியத்தாலும் இல்லந்தோறும் அறிமுகமாயிருந்த ரோல்ஃப் ஹாரிஸ், 1970களிலும் 1980களிலும் சிறுமியருக்கு இழைத்த கொடுமைக்காக, 2014இல், 84ஆம் வயதில், சிறைக்குள் நடந்து சென்றார். சுவிட்சர்லாந்தில் மக்களே முடிவெடுத்தார்கள். 2008 நவம்பர் 30 அன்று வாக்கெடுப்பு. வேண்டாம் என்றது அரசு. பதினெட்டு வயதிலிருந்து பதினைந்தாண்டு என்று வைத்துக் கொள்ளலாமே என்றது நாடாளுமன்றம். மக்களோ, நூற்றுக்கு ஐம்பத்தோரு பேருக்கும் மேலானோர், பருவமெய்தாத குழந்தைக்கு இழைத்த பாலியல் குற்றத்துக்குக் காலவரம்பே கூடாதென்று வாக்களித்தனர். 2013 முதல் அங்கே அதுவே சட்டம்.

எதிர்வாதம் உண்டு. நேர்மையான எதிர்வாதம், அதைத் தள்ளிவிட்டுப் போகமாட்டேன். முப்பது ஆண்டு கழித்துக் குற்றம் சாட்டினால், குற்றமற்றவன் எப்படித் தன்னை மெய்ப்பிப்பான்? அன்று எங்கேயிருந்தான் என்று சொல்லும் சாட்சி இறந்திருப்பார், வருகைப் பதிவேடு கரையான் தின்றிருக்கும், நினைவு மங்கியிருக்கும், பகைக்குப் பழி சுமத்துவோரும் இருப்பர். மெய்தான். மறுக்கவில்லை. ஆனால், வழக்கைக் கேட்பது வேறு, தண்டிப்பது வேறு. கதவைத் திறப்பதால் மெய்ப்பிக்கும் சுமை ஒரு துரும்பளவும் குறையாது. ஐயத்தின் பலன் இன்றும் நாளையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. முப்பதாண்டு கழித்துக் கொலை வழக்கைக் கேட்கும் நீதிமன்றத்துக்கு, பழைய சாட்சியத்தை எடைபோடத் தெரியாதா என்ன? எடைபோட்டுப் போதவில்லையென்று தள்ளட்டும். அந்த அம்மையார் ஏற்றுக்கொள்வார். எடைபோடவே மறுத்ததுதான் அவருக்கு ஆறவில்லை.

குழந்தை ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்போர்க்கும் விடையிருக்கிறது. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் நலத்துறை 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்கள், 12,447 குழந்தைகள். ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்னோர் 53.22 விழுக்காடு. இழைத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர், நம்பிக்கைக்கு உரியவர். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை. சோறூட்டும் கை, பாடம் சொல்லும் கை, தோளில் தூக்கித் திருவிழாக் காட்டிய கை; அந்தக் கையைப் பற்றி அந்தக் குழந்தை எந்தக் காவலரிடம் போய்ச் சொல்லும்?

தோழர்களே! இதுவரை சட்டத்தைச் சாடினேன். கைதட்டினீர்கள். இனி நம்மைப் பற்றி.

கிளைக் கழக அலுவலகத்தின் முன்னே பாய் விரித்து, இரு தரப்பையும் உட்காரவைத்து, "சின்னப் பெண்ணின் எதிர்காலம்; வெளியே தெரிய வேண்டாம். மருத்துவச் செலவை அவர் தந்துவிடட்டும், நீங்களும் இதோடு விட்டுவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்ன பெரிய மனிதர் உங்கள் வட்டத்தில் எவரும் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அவர் நம் கொடி கட்டிய வண்டியில் வருபவராகவும் இருக்கலாம். தாம் நன்மையே செய்ததாக அவர் நம்புகிறார். சட்டத்தின்படி, குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத குற்றவாளி அவர்! அவர் பேசி முடித்த அந்த மாலையிலேயே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்தக் குழந்தைக்கு எதிராக ஓடுகிறது, அவருக்கு ஆதரவாக ஓடுகிறது. ஓராண்டு போனால் அவர் தப்பினார். மூன்றாண்டு போனால், குற்றம் தொல்லை என்ற வகையினதாயின், இழைத்தவனும் தப்பினான்.

ஆகவே அப்படி ஒரு தாய் உங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றால், பாயை விரிக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு காவல் நிலையம் செல்லுங்கள். இரவாகிவிட்டதா? 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. "மூன்று வருடம் ஆகிவிட்டதே" என்று அந்தத் தாய் தயங்கினால், தாமதத்தைப் பொறுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். பெருங்குற்றமாயின் காலவரம்பே இல்லை என்றும் சொல்லுங்கள். காலம் முடிந்துவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலையைக் காவலரும் செய்யக்கூடாது, நாமும் செய்யக்கூடாது. அதை முடிவு செய்வது நீதிமன்றம்.

இன்னொன்று. ஆர்வ மிகுதியால் மறுநாள் காலையில் சுவரொட்டி அடித்துவிடாதீர்கள். குழந்தையின் பெயர், படம், பள்ளி, தெரு, பெற்றோர் பெயர் எதுவும் வெளிவரக் கூடாது. ஊடகத்தில் அடையாளம் காட்டுவோர்க்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது அதே போக்சோ. நீதி கேட்டு நாம் ஒட்டிய சுவரொட்டியே அந்தக் குழந்தையை ஊரைவிட்டு ஓட்டிவிடக் கூடும்.

அந்த அம்மையாரை அண்மையில் மீண்டும் கண்டேன். தமக்கு இழைத்தவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளைகளோடு நலமாக இருக்கிறாராம். தெருவில் எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்கிறாராம். "என் கதையை மேடையில் போடாதீர்கள், தம்பி. வேறு ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள்" என்றார்.

வேறு செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. வரும் வாரம் கூடும் கிளைக் கூட்டங்களில், வழக்கமான தீர்மானங்களோடு இதையும் நிறைவேற்றுங்கள். நண்பர் திண்ணையில் அமர்ந்து எழுதித் தந்த வாசகம் இது:

"காலவரம்புக்குரிய எந்தக் குற்றத்திலும், குற்றத்துக்கு ஆளானவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின், அக்காலவரம்பு அவர் பதினெட்டு வயதை அடைந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும், அவருக்கு நேர்ந்ததை மறைத்தோர் மீதான குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை."

இரண்டே தொடர். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள், எந்தக் கட்சியினராயினும். நகல் ஒன்று இந்த ஏட்டின் முகவரிக்கு எனக்கும் வரட்டும். சேர்த்துக் கட்டி, காவிரிக் கரைக்கு ஒருமுறை எடுத்துச் சென்று, அந்த அம்மையாரிடம் காட்ட வேண்டும்.